மதுரையிலிருந்து வெளிநாட்டு நாடாளுமன்றத்துக்கு இன்டர்ன்ஷிப் போக நினைப்பவர்களுக்கு

மதுரையில் அரசியல் அறிவியல், சட்டம், பொருளியல், இதழியல் படிக்கிறவர்களில் சிலருக்காவது லண்டனில் நாடாளுமன்றம் இருக்கும் வெஸ்ட்மின்ஸ்டரிலோ வாஷிங்டனிலோ ஒரு எம்பி அலுவலகத்தில் சில மாதம் வேலை பழக ஆசை இருக்கும். நடக்கக்கூடிய ஆசைதான். ஆனால் பலர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். ஐம்பது எம்பிக்களுக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்பிவிட்டு, யாராவது வரச் சொன்னால் விசாவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கிறார்கள். பிரிட்டனில் ஒரு எம்பி அலுவலகத்தில் நாலைந்து பேர்தான் இருப்பார்கள். உங்களுக்காக விசா ஸ்பான்சர் வேலையில் இறங்க அவர்களுக்கு நேரமும் இல்லை, பெரும்பாலும் அதற்கான ஏற்பாடும் இல்லை. "அந்தத் தேதியில் இந்த நாட்டில் வேலை செய்ய எனக்குச் சட்டப்படி அனுமதி இருக்கிறது" என்று முதல் கடிதத்திலேயே எழுத முடிகிறவருக்குத்தான் பதில் வரும். அதனால் விசா முதலில், எம்பி பிறகு.

எந்த வாசல் உங்களுக்குத் திறக்கும்

பிரிட்டனில் தொடங்கலாம். அங்கே மக்களவைக்கு 650 எம்பிக்கள். ஒவ்வொருவரும் தனித்தனி முதலாளி, தன் ஊழியரைத் தானே தேர்ந்தெடுப்பவர். பார்வையாளர் விசாவில் போய் இன்டர்ன்ஷிப் செய்யக் கூடாது. சம்பளம் இல்லாவிட்டாலும் கூடாது. "காசு வாங்காமல்தானே செய்கிறேன்" என்று விமான நிலையத்தில் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நேர்மையான வழிகள் இரண்டு.

முதலாவது, அங்கே பட்டப்படிப்பில் சேர்ந்து மாணவர் விசாவில் இருப்பது. கல்லூரி நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். ஊதியமில்லாத வேலையும் அந்தக் கணக்கில் சேரும். படிப்பின் பகுதியாகவே நாடாளுமன்றப் பணி இருந்தால் அந்த 20 மணி வரம்பு அதைக் கட்டுப்படுத்தாது. ஹல் பல்கலைக்கழகத்தில் வெஸ்ட்மின்ஸ்டர் பணியைப் பாடத்திட்டத்துக்குள்ளேயே வைத்த பட்டப்படிப்பு உண்டு. பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே இப்படிப்பட்ட பாடம் இருக்கிறதா என்று பார்ப்பது, சேர்ந்த பிறகு அலைவதைவிட எளிது.

இரண்டாவது வழி நம் ஊரில் பலருக்குத் தெரியாது: இந்தியர்களுக்கான இளம் தொழில்முறையாளர் திட்ட விசா. 18 முதல் 30 வயதுக்குள் இருந்து, இளநிலைப் பட்டம் முடித்திருந்தால் போதும்; வேலை தருபவர் யாரும் ஸ்பான்சர் செய்ய வேண்டியதில்லை. இரண்டு ஆண்டு இருந்து ஏறக்குறைய எந்த வேலையும் செய்யலாம். ஆண்டுக்கு 3,000 இடம், குலுக்கல் முறையில். குலுக்கல் பெரும்பாலும் பிப்ரவரியிலும் ஜூலையிலும் இரண்டு நாள் மட்டும் திறந்திருக்கும். பெயர் கொடுக்கக் கட்டணம் கிடையாது. தேர்வானால் விசாக் கட்டணம் 319 பவுண்டு (2025 ஏப்ரல் நிலவரம்), மருத்துவக் கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 776 வீதம் இரண்டு ஆண்டுக்கு 1,552 பவுண்டு, வங்கியில் 2,530 பவுண்டு இருப்பு. ஆறு மாதத்துக்கு மேல் தங்குவதால் காசநோய்ப் பரிசோதனைச் சான்றும் வேண்டும். சென்னையில் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் எடுக்கலாம். குலுக்கலை நம்பி வேறு வேலையை விட்டுவிடாதீர்கள். ஆனால் பெயர் கொடுக்காமல் விடவும் வேண்டாம்.

அந்த 2,530 பவுண்டு தொடர்ந்து 28 நாள் ஒரு நாளும் குறையாமல் கணக்கில் இருக்க வேண்டும். 28ஆம் நாளுக்கும் விண்ணப்ப நாளுக்கும் இடையே 31 நாளுக்கு மேல் போகக் கூடாது. நகைக்கடன் வாங்கி ஒரு வாரத்துக்கு முன் போட்டுவிட்டு ஸ்டேட்மென்ட் எடுக்கும் பழக்கம் இங்கே செல்லாது. 27ஆம் நாள் யாருக்காவது ஐயாயிரம் ரூபாய் ஜிபேயில் அனுப்பி இருப்பு வரம்புக்குக் கீழே போனால், மறுபடி முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். வரம்புக்கு மேல் இருபதாயிரம் ரூபாயாவது கூடுதலாக வையுங்கள். பவுண்டு விலை ஏறினாலும் அது தாங்கும்.

அமெரிக்காவில் பிரதிநிதிகள் சபைக்கு 435 பேர், செனட்டுக்கு 100 பேர். ஏறக்குறைய எல்லா அலுவலகத்திலும் இன்டர்ன் உண்டு. அங்கே ஏற்கெனவே எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படிக்கிறவர்கள் பாடத்திட்டப் பயிற்சி அனுமதியில், அதாவது சிபிடியில், போகலாம். பொதுவாக ஓராண்டுப் படிப்பு முடிந்திருக்க வேண்டும். கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் அனுமதி ஏறிய பிறகே வேலையில் கால் வைக்க வேண்டும். முழுநேர சிபிடி 12 மாதத்தைத் தொட்டுவிட்டால் படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதியான ஓபிடி வாய்ப்பு போய்விடும்.

மதுரைக் கல்லூரியில் படித்துக்கொண்டே சில மாதம் மட்டும் போக நினைப்பவருக்கு ஜே-1 என்ற பரிமாற்ற விசாவின் இன்டர்ன் பிரிவு. தற்போது படிப்பவராகவோ, படித்து முடித்து 12 மாதம் தாண்டாதவராகவோ இருக்க வேண்டும். அதிகபட்சம் 12 மாதம், வாரம் 32 மணி நேரமாவது வேலை. அமெரிக்க வெளியுறவுத் துறை அங்கீகரித்த ஸ்பான்சர் அமைப்பு டிஎஸ்-2019 படிவம் தரும். எந்த வாரம் என்ன கற்பீர்கள், யார் மேற்பார்வை என்பதை டிஎஸ்-7002 என்ற பயிற்சித் திட்டத்தில் எழுதி மூன்று தரப்பும் கையெழுத்திட வேண்டும். செவிஸ் எனப்படும் வெளிநாட்டு மாணவர் பதிவுக் கட்டணம் 220 டாலர், விசா விண்ணப்பக் கட்டணம் 185 டாலர். மருத்துவக் காப்பீடு ஒரு நோய்க்கோ விபத்துக்கோ குறைந்தது 1,00,000 டாலருக்கு இருக்க வேண்டும். இங்கே மலிவாகக் கிடைக்கும் பயணக் காப்பீட்டை அப்படியே எடுத்துப்போனால் ஸ்பான்சர் ஏற்காமல் போகலாம். வாங்குவதற்கு முன் அதன் விவரத்தை ஸ்பான்சருக்கு அனுப்பிக் கேளுங்கள்.

வாஷிங்டனில் படிப்பும் பணியும் சேர்த்துத் தரும் திட்டங்களும் உண்டு. அமெரிக்கன் பல்கலைக்கழகத்தின் வாஷிங்டன் செமஸ்டர் 1947இல் தொடங்கியது. வாஷிங்டன் சென்டர் 1975இல். கட்டணம் கனமானது. பணம் கட்டுவதற்கு முன், காங்கிரஸ் அலுவலகத்தில் இடம் உறுதியா, அல்லது ஏதாவது ஒரு தொண்டு நிறுவனத்தில் போடுவார்களா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள்.

கனடாவில் 1970 முதல் நடக்கும் நாடாளுமன்ற இன்டர்ன்ஷிப் திட்டம் புகழ்பெற்றது, ஆனால் அது கனடாக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும்தான். அதற்கு விண்ணப்பம் எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம். அங்கே மாணவர் அனுமதியில் படிக்கிறவர் வளாகத்துக்கு வெளியே வாரம் 24 மணி வேலை செய்யலாம். எம்பியின் தொகுதி அலுவலகத்தில் கேட்கலாம். ஆஸ்திரேலியாவில் மாணவர் விசாவுக்குப் படிப்புக் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி.

பெயரும் இனிஷியலும்

மதுரைப் பக்கத்து மாணவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் "கார்த்திகா எஸ்", ஆதாரில் "கார்த்திகா செல்வம்", பாஸ்போர்ட்டில் பெயர் மட்டும், குடும்பப்பெயர்க் கட்டம் காலி. நமக்கு மூன்றும் ஒரே ஆள். வெளிநாட்டுக் கணினிக்கு மூன்று ஆட்கள். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தால் அமெரிக்க விசாவில் அந்தப் பெயர் குடும்பப்பெயர் இடத்துக்குப் போய், முதற்பெயர் இடத்தில் 'எஃப்என்யூ', அதாவது முதற்பெயர் தெரியவில்லை, என்று விழும். பிறகு வங்கி, விமானச் சீட்டு, நாடாளுமன்ற பாஸ் எல்லாவற்றிலும் அதே எழுத்து துரத்தும்.

பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை என்றால், இனிஷியலை விரித்துத் தந்தை பெயரையோ தாய் பெயரையோ குடும்பப்பெயர்க் கட்டத்தில் போடுங்கள். அதே வடிவத்தை ஆதாரிலும் வங்கியிலும் கொண்டுவாருங்கள். எடுத்தாகிவிட்டது என்றால், பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே மறுவெளியீட்டுக்குப் போடுங்கள். மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகம் ரேஸ்கோர்ஸ் பகுதியில் பாரதி உலா வீதியில் இருக்கிறது. 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய். தட்கல் என்றால் மேலும் 2,000. பழைய சான்றிதழ்களை மாற்ற முடியாது. அதற்கு, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் ஓர் உறுதிமொழிப் பத்திரம் வைத்துக்கொள்ளுங்கள். படிவங்களில் "வேறு பெயர்கள் உண்டா" என்ற கேள்விக்கு "இல்லை" என்று போட்டுவிடாதீர்கள். இனிஷியலோடு உள்ள வடிவமும் ஒரு வேறு பெயர்தான்.

மதிப்பெண் விஷயம் ஒன்று. அமெரிக்கன் கல்லூரி, லேடி டோக், தியாகராசர், பாத்திமா போன்ற தன்னாட்சிக் கல்லூரிகளில் தேர்வு நடத்துவதும் மதிப்பெண் தருவதும் கல்லூரி; பட்டம் தருவது காமராசர் பல்கலைக்கழகம். எனவே டிரான்ஸ்கிரிப்டுக்குக் கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் போங்கள். பட்டச் சான்றுக்குப் பல்கலை நகர். இரண்டையும் ஒரே இடத்தில் கேட்டு அலைந்து ஒரு மாதம் இழப்பவர்கள் உண்டு. பயிற்றுமொழி ஆங்கிலம் என்ற சான்றையும் அதே தடவையில் கையோடு வாங்கிவிடுங்கள்.

காவல் துறை நன்னடத்தைச் சான்று, அதாவது பிசிசி, பாஸ்போர்ட் சேவா வழியாகத்தான், 500 ரூபாய். எந்த நாட்டுக்கு என்று குறிப்பிட்டுத்தான் தருவார்கள். பிரிட்டனுக்கு வாங்கியதை அமெரிக்காவுக்கு நீட்ட முடியாது. வீடு உசிலம்பட்டியிலும் விடுதி மதுரையிலும் இருப்பவர்களுக்குக் காவல் நிலைய விசாரணை இரண்டு இடத்திலும் போகலாம். விடுதிக் காப்பாளரிடம் முன்பே சொல்லி, நீங்கள் தங்கிய தேதிகளைக் கடிதமாக வாங்குங்கள். அந்தக் கடிதம் பின்னால் இன்னொரு முறை உதவும், கீழே வருகிறது.

ஊரிலேயே பழக வேண்டிய வேலை

எம்பி அலுவலகத்தில் முதலில் கேட்கப்படும் கேள்வி "பிரச்சினை என்ன?" என்பதல்ல, "நீங்கள் எந்தத் தொகுதி?" என்பதுதான். பிரிட்டனில் ஒரு எம்பி இன்னொரு எம்பியின் வாக்காளர் மனுவைத் தொட மாட்டார் என்பது கறாரான மரபு. இதை நம் மாவட்டத்தை வைத்தே பழகலாம். மேலூர், மதுரை கிழக்கு, வடக்கு, தெற்கு, மத்தி, மேற்கு ஆகிய ஆறும் மதுரை மக்களவைத் தொகுதி. திருப்பரங்குன்றமும் திருமங்கலமும் மதுரை மாவட்டத்தில் இருந்தாலும் விருதுநகர் மக்களவைத் தொகுதி. சோழவந்தானும் உசிலம்பட்டியும் தேனி. தோப்பூர் எய்ம்ஸ் பற்றி மக்களவையில் விருதுநகர் எம்பியின் குரல் ஏன் அடிக்கடி கேட்கிறது என்பது இதைத் தெரிந்தால் புரியும். மாவட்டம் வேறு, தொகுதி வேறு என்பது கையில் பழகிவிட்டால் லண்டனில் அஞ்சல் குறியீட்டைப் பார்த்துத் தொகுதி பிரிக்கும் வேலை முதல் நாளே பிடிபடும்.

அடுத்தது, கேள்வி படிப்பது. நம் மக்களவையில் ஒரு நாளுக்கு அவையில் வாய்மொழிப் பதிலுக்கான 20 நட்சத்திரக் கேள்விகளும் எழுத்துப் பதிலுக்கான 230 நட்சத்திரமில்லாக் கேள்விகளும் பட்டியலாகும். பதில்கள் நாடாளுமன்றத்தின் சன்சத் இணையதளத்தில் கிடக்கின்றன. எய்ம்ஸ் அடிக்கல் நாட்டப்பட்டது 2019 ஜனவரி 27. அன்றிலிருந்து அதுபற்றிக் கேட்கப்பட்ட கேள்விகளைத் தேடி எடுத்து, அமைச்சகம் சொன்ன தேதிகள் எப்படி மாறின என்று ஒரு அட்டவணை போடுங்கள். எம்பி அலுவலகத்தில் ஆய்வு உதவியாளர் செய்வது இதே வேலைதான்.

பிறகு ஒரு பக்கக் குறிப்பு எழுதுவது. பயிற்சிக்கு ஜல்லிக்கட்டைவிட நல்ல பொருள் கிடைக்காது. அலங்காநல்லூரைப் பற்றி எந்த நாட்டு எம்பியின் வாக்காளரும் ஒருநாள் கடிதம் எழுதக்கூடும். 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், 2014 மே 7 உச்ச நீதிமன்றத் தடை, 2017 தமிழகத் திருத்தச் சட்டம், 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தச் சட்டத்தை உறுதிசெய்தது. இவ்வளவையும் நானூறு சொற்களுக்குள், ஆங்கிலத்தில், எந்தப் பக்கமும் சாயாமல் எழுதுங்கள். மேலே இரண்டு வரியில் சாரம். அடுத்து என்ன நடந்தது. அடுத்து ஆதரிப்பவர் வாதம், எதிர்ப்பவர் வாதம் சம அளவில். கடைசியில் எம்பி என்ன கேட்கலாம் என்று இரண்டு கேள்வி. நம் மாணவர்கள் தடுமாறுவது இந்தச் சம அளவைக் காப்பதில்தான். நமக்குப் பிடித்த பக்கம் பன்னிரண்டு வரி, மற்ற பக்கம் ஒரு வரி என்று வந்துவிடும். எதிர்ப்பவர் ஒருவரிடம் கொடுத்து, "உங்கள் வாதத்தை ஒழுங்காகச் சொல்லியிருக்கிறேனா" என்று கேட்டுத் திருத்துங்கள். விண்ணப்பத்தோடு இந்தக் குறிப்பை இணைத்தால் பத்துச் சான்றிதழைவிட எடை கூடும்.

படித்துப் பழக, பிரிட்டன் மக்களவை நூலகத்தின் குறிப்புகளும் அமெரிக்கக் காங்கிரஸ் ஆய்வுச் சேவையின் அறிக்கைகளும் இணையத்தில் இலவசம். பட்டம் முடித்தவர்கள் முதலில் டெல்லியில் ஒரு எம்பியிடம் பழகிவிட்டும் போகலாம்: பிஆர்எஸ் என்ற சட்ட ஆய்வு அமைப்பு 2010 முதல் நடத்தும், எம்பிக்கு உதவியாளராக வைக்கும் லாம்ப் ஃபெல்லோஷிப் சுமார் 11 மாதம், வயது வரம்பு 25. வெளிநாட்டு அலுவலகத்துக்கு அது புரியும் அனுபவம்.

யாருக்கு எழுதுவது, எப்படி எழுதுவது

ஐம்பது பேருக்கு ஒரே கடிதம் வேண்டாம். எட்டுப் பேரைத் தேர்ந்தெடுங்கள். பிரிட்டனில் படிக்கிறவர் முதலில் தான் குடியிருக்கும் தொகுதியின் எம்பிக்கு எழுதட்டும். அங்கே ஓர் உரிமை இருக்கிறது: முறையான விசாவில் வசிக்கும் இந்தியர், காமன்வெல்த் குடிமகன் என்பதால், வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்து நாடாளுமன்றத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். போய் இறங்கிய மாதமே பதிவு செய்யுங்கள்; "உங்கள் தொகுதி வாக்காளர்" என்று எழுதும் கடிதத்தை எந்த அலுவலகமும் ஒதுக்காது. அமெரிக்காவில் இதற்கு நேர் எதிர். அங்கே வாக்காளர் படிவத்தில் தெரியாமல் கையெழுத்துப் போட்டாலே குடியேற்றச் சிக்கல். தேர்தல் நிதியாக ஒரு டாலர்கூடத் தரக் கூடாது.

அடுத்து, தமிழ் பயன்படும் தொகுதிகள். ஹாரோ, ஈஸ்ட் ஹாம், இல்ஃபர்ட், குராய்டன் பகுதிகளிலும் கனடாவின் ஸ்கார்பரோவிலும் தமிழ் பேசும் வாக்காளர்கள் ஏராளம். தமிழ் எழுதப் படிக்கத் தெரியும் என்பதைக் கடிதத்தின் இரண்டாம் வரியிலேயே சொல்லுங்கள். பிரிட்டன் எம்பி அலுவலகக் காலியிடங்கள் டபிள்யூ4எம்பி என்ற தளத்தில் வரும். அமெரிக்காவில் ஒவ்வொரு உறுப்பினரின் இணையதளத்திலும் இன்டர்ன்ஷிப் பக்கம் தனியாக உண்டு.

மின்னஞ்சல் இருநூறு சொல்லுக்குள். முதல் வரியில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, வாரம் எத்தனை நாள், என்ன விசா. அடுத்து, அந்த எம்பி சமீபத்தில் அவையில் எழுப்பிய ஒரு விஷயத்தையும் அதில் நீங்கள் செய்யக்கூடிய வேலையையும் எழுதுங்கள். பிறகு உங்கள் ஒரு பக்கக் குறிப்பைப் பற்றி ஒரு வரி. "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் பொற்பாதம்" பாணிப் புகழ்ச்சியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துப் போடாதீர்கள். அங்கே அது நம்பிக்கையைக் குறைக்கும். பயோடேட்டாவில் புகைப்படம், பிறந்த தேதி, தந்தை பெயர், மதம், சாதி, திருமண நிலை எதுவும் வேண்டாம். பிரிட்டனுக்கு இரண்டு பக்கம், அமெரிக்காவுக்கு ஒரே பக்கம். பத்து வேலை நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம்.

காலத்தையும் கணக்கில் எடுங்கள். நம் கல்லூரிகளில் பெரிய விடுமுறை மே மாதம். பிரிட்டன் மக்களவை மே கடைசியில் ஒரு சிறு இடைவேளை எடுத்து, ஜூலை பிற்பகுதியில் மூடி, செப்டம்பர் தொடக்கத்தில் திறக்கும். அமெரிக்கக் காங்கிரஸ் ஆகஸ்டில் தொகுதிக்குப் போய்விடும். ஆகவே இரண்டு ஊருக்கும் ஜூன், ஜூலைதான் அவை நடப்பதைப் பார்க்க ஏற்ற காலம். நம் செமஸ்டர் ஜூனிலேயே தொடங்கிவிடுவதால் துறைத்தலைவரிடம் வருகைப்பதிவு விலக்கை ஜனவரியிலேயே எழுத்தில் வாங்க வேண்டும். அமெரிக்கக் கோடைக்கால இன்டர்ன்ஷிப்புக்குப் பெரும்பாலான அலுவலகங்கள் பிப்ரவரி, மார்ச்சில் விண்ணப்பத்தை மூடிவிடும். பின்னோக்கி எண்ணினால், முந்தைய ஆண்டு ஜூலையில் பாஸ்போர்ட் பெயரைச் சரிபார்ப்பதில் வேலை தொடங்குகிறது.

பாதுகாப்புச் சோதனையும் பணமும்

வெஸ்ட்மின்ஸ்டர் வளாகத்துக்குள் போய்வர பாஸ் வேண்டும். பாஸுக்குப் பாதுகாப்புச் சோதனை உண்டு. அந்த வகைச் சோதனை பொதுவாகப் பிரிட்டனில் மூன்று ஆண்டாவது வசித்திருப்பதை எதிர்பார்க்கிறது. புதிதாகப் போனவருக்கு அது தடையாகலாம், குறைந்தது பல வாரம் தாமதமாகலாம். அதனால் எங்கள் ஆலோசனை, முதலில் தொகுதி அலுவலகத்தைக் கேளுங்கள் என்பதே. அது எம்பியின் ஊரில், சாதாரணக் கடைத்தெருவில் இருக்கும். வளாக பாஸ் தேவைப்படாது. வேலை கற்பதும் அங்கேதான் அதிகம்.

சோதனைப் படிவம் கடந்த ஐந்து ஆண்டு முகவரிகளை இடைவெளி இல்லாமல் கேட்கும். விடுதி, மாமா வீடு, தேர்வுக்காக மூன்று மாதம் எடுத்த அறை எல்லாவற்றையும் மாதம் தேதியோடு எழுத வேண்டும். மேலே சொன்ன விடுதிக் கடிதம் இங்கே கைகொடுக்கும். ஒரு மாதம் விடுபட்டாலும் படிவம் திரும்பி வரும். அமெரிக்க விசாவுக்கு ஐந்து ஆண்டுச் சமூக ஊடகக் கணக்குகளையும் கொடுக்க வேண்டும். 2025 ஜூன் முதல் எஃப், எம், ஜே ஆகிய மாணவர், பரிமாற்ற விசா கேட்பவர்கள் அந்தக் கணக்குகளைப் பொதுவில் திறந்து வைக்கவும் சொல்லப்படுகிறார்கள். நேர்காணல் சென்னையில், கைரேகைக்கு வேறொரு நாள் போக வேண்டிவரும் என்பதால் பாண்டியன் எக்ஸ்பிரஸில் இரண்டு பயணமோ, சென்னையில் ஓர் இரவோ கணக்குப் போடுங்கள்.

சம்பளத்தில் ஏமாற வேண்டாம். பிரிட்டனில் எம்பியின் ஊழியராக வைத்தால் குறைந்தபட்ச ஊதியம் தர வேண்டும். 21 வயது நிரம்பியவருக்கு மணிக்கு 12.21 பவுண்டு என்பது 2025 ஏப்ரல் நிலவரம். ஆனால் பிரிட்டன் பல்கலைக்கழகப் படிப்பின் கட்டாயப் பகுதியாக ஓராண்டுக்குள் செய்யும் பணிக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அமெரிக்கக் காங்கிரஸ் அலுவலகங்களில் இன்டர்ன்களுக்கு இப்போது நிதி ஒதுக்கீடு இருந்தாலும், விசாவில் போன இந்தியருக்கு அரசுப் பணத்திலிருந்து சம்பளம் தரச் சட்டத் தடை இருக்கிறது. ஊதியம் இல்லாமல், கல்வி நோக்கத்தோடு வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். மொத்தச் செலவும் கையிலிருந்து என்றே கணக்குப் போடுங்கள். சம்பளமே வாங்காவிட்டாலும் எஃப்-1, ஜே-1 விசாவில் இருந்தவர் அடுத்த ஆண்டு 8843 படிவத்தை அமெரிக்க வரித் துறைக்கு அனுப்ப வேண்டும்.

பணம் கேட்கும் ஆட்களைப் பற்றி ஒரு சொல். எந்த நாட்டு எம்பி அலுவலகமும் இன்டர்ன்ஷிப் தரக் கட்டணம் வாங்காது. பல்கலைக்கழகமும் ஜே-1 ஸ்பான்சரும் வாங்கும் கட்டணம் வேறு. அவற்றின் பெயரை அரசின் பட்டியலில் சரிபார்க்க முடியும். பிரிட்டன் எம்பி அலுவலகக் கடிதம் பார்லிமென்ட் டாட் யூகே என்று முடியும் முகவரியிலிருந்தும், அமெரிக்கக் கடிதம் ஹவுஸ் டாட் கவ் அல்லது செனட் டாட் கவ் என்று முடியும் முகவரியிலிருந்தும்தான் வரும். ஜிமெயிலில் அழைப்புக் கடிதம் வந்தால், உறுப்பினரின் இணையதளத்தில் உள்ள தொலைபேசியில் கூப்பிட்டுக் கேளுங்கள். நான்கு நாள் கட்டடத்தைச் சுற்றிக்காட்டி 'நாடாளுமன்ற இன்டர்ன்ஷிப்' சான்றிதழ் தரும் சுற்றுலாக்களும் விற்கப்படுகின்றன. அவற்றுக்கு எந்த மதிப்பும் இல்லை.

வேலைக்குப் போன பிறகு

வாஷிங்டனில் முதல் வேலை தொலைபேசி. கோபமாகவே பேசுவார்கள். பெயர், ஜிப் குறியீடு, எந்தச் சட்ட முன்வரைவு, ஆதரவா எதிர்ப்பா: நான்கையும் பதிந்து, "உறுப்பினரிடம் சேர்ப்பிக்கிறேன்" என்று சொல்லி வைக்க வேண்டும். உங்கள் கருத்தைச் சொல்லக் கூடாது, எம்பி எப்படி வாக்களிப்பார் என்று ஊகிக்கக் கூடாது. மிரட்டல் வந்தால் இணைப்பைத் துண்டிக்காமல் சொற்களை அப்படியே எழுதி மேலதிகாரியிடம் உடனே கொடுங்கள். கேபிடல் கட்டடத்தைச் சுற்றிக்காட்டுவதும் இன்டர்ன் வேலைதான்.

பிரிட்டன் தொகுதி அலுவலகத்தில் நாள் முழுக்க மனு. வீடு, குடியேற்றம், உதவித்தொகை. எம்பி நேரில் மக்களைச் சந்தித்து மனு வாங்குவதை 'சர்ஜரி' என்பார்கள், பெரும்பாலும் வெள்ளிக்கிழமை. நம் ஆட்சியர் அலுவலகத் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தின் சிறு வடிவம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் ஒருவர் சார்பில் எந்தத் துறைக்கும் கடிதம் போகக் கூடாது. அமெரிக்காவில் இதற்கென 1974 தனியுரிமைச் சட்டப்படி ஒரு படிவமே உண்டு. கணவர் வந்து மனைவியின் விசா நிலையைக் கேட்டாலும் மனைவியின் கையெழுத்து வேண்டும். நம் ஊர்ப் பழக்கத்தில் "வீட்டுக்காரர்தானே" என்று சொல்லிவிடுவது பெரிய தவறாகிவிடும்.

தமிழில் பேசும் மனுதாரர் வரும்போது கூடுதல் கவனம். முகவரி, தேதி, எந்தத் துறை என்பதை மொழிபெயர்க்கலாம். குடும்ப வன்முறை, அடைக்கல மனு, மருத்துவம் என்றால் தொழில்முறை மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள் என்று மேலதிகாரியிடம் சொல்லுங்கள். இலங்கைத் தமிழில் சில சொற்களின் பொருள் நமக்கு வேறு. ஒரு சொல்லை மாற்றிப் புரிந்துகொண்டால் ஒருவருடைய அடைக்கல வழக்கே திசைமாறும். அதே ஊர்க்காரர் என்பதால் மாலையில் வாட்ஸ்அப்பில் விசாரிப்பவர்களுக்கும் அலுவலக எண்ணை மட்டுமே கொடுக்க வேண்டும்.

புரியாததற்குத் தலையசைக்காதீர்கள். "எனக்குப் புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள்" என்று கேட்பவரைத்தான் அங்கே நம்புவார்கள். பிரிட்டனில் சக ஊழியர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம், சார் மேடம் தேவையில்லை. வாக்காளருக்கு எழுதும் கடிதத்தில் மட்டும் முழு மரியாதை. அவையில் வாக்கெடுப்பு மணி அடித்தால் எம்பிக்கு எட்டு நிமிடம்தான். அந்த எட்டு நிமிடத்தில் அவரிடம் எதுவும் கேட்காமல் வழிவிடுங்கள்.

கடைசி வாரத்தில் மூன்று வேலை. கையிலுள்ள மனுக்கள் ஒவ்வொன்றும் எந்த நிலையில் இருக்கிறது, அடுத்த தேதி என்ன என்று ஒரு பக்கம் எழுதி ஒப்படையுங்கள். மனுதாரர் விவரம் எதுவும் உங்கள் மடிக்கணினியிலோ போனிலோ இல்லை என்று பார்த்து அழியுங்கள். பரிந்துரைக் கடிதத்தை வேலையில் இருக்கும்போதே கேளுங்கள். தொடங்கிய தேதி, முடித்த தேதி, மொத்த மணி நேரம், செய்த வேலை ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும். கல்லூரியில் கிரெடிட் கணக்குக்கு முதலில் பார்ப்பது அந்த மணி நேரத்தைத்தான்.